இரண்டு பேராய் மலையேற டியோவில் எதை மாற்றுவது?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. 2018ஆம் ஆண்டு ஹோண்டா டியோ, 110 சிசி. மனைவியின் வீடு தலவாக்கலையில். மாதம் ஒரு தடவை இரண்டு பேருமாக ஸ்கூட்டியிலேயே போய்வர ஆசை. போன முறை கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் வண்டி 25க்கு மேல் போகவே இல்லையாம். பின்னால் வந்த பஸ்காரன் ஹோன் அடித்தே மானத்தை வாங்கிவிட்டான். "போர் கிட் போடலாமா, ரோலர் மாற்றலாமா, இல்லாவிட்டால் வண்டியையே மாற்றுவதா? கையில் இருக்கிற கொஞ்சக் காசை எதில் போடுவது, அண்ணா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் ஏறுகிற கதையை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். இறங்கிய கதையை ஒரு வரி கூடச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் காசில் முக்கால்வாசியை இறங்குவதற்குத்தான் போடுவேன். ஏன் என்று சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்ட ஏற்றத்தையே பார்த்துவிடுவோம்.

வண்டி ஏறக்குறைய 105 கிலோ. நீங்கள் 65, மனைவி 55, ஹெல்மட்டும் பையும் மாமாவுக்குக் கொண்டுபோகும் சாமானும் 15 என்று வையுங்கள். மொத்தம் 240 கிலோ. நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் உயரும் ஏற்றத்தில் இந்தப் பாரத்தை மணிக்கு 40 கிலோமீற்றரில் ஏற்ற, பின் சக்கரத்தில் நாலு குதிரை வலு வேண்டும். பெல்ட் வண்டியில் எஞ்சின் கொடுப்பதில் கால்வாசியாவது பெல்ட்டிலும் கிளட்ச்சிலும் சூடாகிப் போய்விடும் என்பதால், எஞ்சின் ஐந்தரை கொடுத்தால்தான் சக்கரத்துக்கு நாலு வந்து சேரும். டியோவின் எஞ்சின் கொடுப்பது கிட்டத்தட்ட எட்டு. போகும் வழியில் உள்ள அட்டன் 1271 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விடச் சுமார் 12 சதவீதம் குறைவு. எஞ்சின் இழுக்கும் மூச்சும் அவ்வளவுக்குக் குறையும், ஆக எட்டு ஏழாகிவிடும். நுவரெலியாவுக்குப் போனால், 1868 மீற்றரில், இன்னும் கொஞ்சம் குறையும். அப்படியும் ஐந்தரைக்குப் போதும். 50இல் ஏற வேண்டும் என்றால் ஏழரை தேவை. அது இந்த எஞ்சினால் ஆகாது.

ஆகவே நல்ல நிலையில் இருக்கும் டியோ அந்த ஏற்றத்தில் 35, 40இல் ஏறத்தான் வேண்டும். உங்களுடையது 25இல் தவழ்ந்தது என்றால் எஞ்சின் சிறிசு என்பது அதற்குக் காரணம் இல்லை. இடையில் எங்கோ வலு கசிகிறது. ஏழெட்டு வருடம் காலி வீதி நெரிசலில் நின்று நின்று ஓடிய வண்டி, அதிசயப்பட ஒன்றும் இல்லை.

இடது பக்கக் கவரைக் கழற்றச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள். முன்னால் வேரியேட்டர், வேகத்துக்கு ஏற்பக் கியரைத் தானாக மாற்றுகிற பாகம். அதற்குள் ஆறு ரோலர்கள், சுண்டுவிரல் நுனியளவு உருளைகள். புதிதாக இருக்கும்போது வட்டமாக இருக்கும். தேய்ந்துவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். மேசையில் உருட்டிப் பாருங்கள், டொக்கென்று ஒரு இடத்தில் நிற்கும். அப்படி நிற்கிற ரோலர் வேரியேட்டருக்குள்ளும் சிக்கி நிற்கும். ஏற்றத்தில் வேகம் குறையும்போது ரோலர்கள் உள்ளே திரும்பி வந்தால்தான் பெல்ட் தாழ்ந்த கியருக்கு மாறும். சிக்கிக்கொண்டால் கியர் வண்டியில் நாலாவது கியரில் மலையேறுகிற நிலைமைதான். பின்னால் கிளட்ச்சுக்கு உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. அது தளர்ந்தாலும் இதே கதி. பெல்ட்டின் அகலத்தை வேர்ணியரில் அளந்து பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்து "இன்னும் ஓடும்" என்று சொல்கிற மெக்கானிக் பாஸை நம்ப வேண்டாம். கிளட்ச் ஷூ கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் வழுக்கும். புறப்படும்போது வண்டி நடுங்குகிறதா? அதுவும் இதன் அறிகுறிதான்.

பெல்ட், ரோலர், ஸ்பிரிங், தேவைப்பட்டால் கிளட்ச் ஷூ. பஞ்சிகாவத்தையில் இந்த நாலும் கிடைக்கும். ஆனால் ஒரிஜினல் என்று எழுதிய பெட்டியெல்லாம் ஒரிஜினல் இல்லை. பெல்ட்டை மட்டும் ஏஜென்டிடம் வாங்குங்கள். வட்டவளையில் மழைக்குள் பெல்ட் அறுந்தால், மிச்சம் பிடித்த காசைப் போலப் பத்து மடங்கு லொறிக்குக் கொடுக்க வேண்டி வரும்.

ரோலரை இலேசாக்கலாமா என்றால், ஆக்கலாம். கம்பனி போட்டதைவிட ஒவ்வொன்றும் ஒரு கிராம், மிஞ்சினால் ஒன்றரைக் கிராம் குறைவாகப் போடுங்கள். எஞ்சின் கொஞ்சம் கூடிய சுற்றில் நின்று இழுக்கும், ஏற்றத்தில் சுகம் தெரியும். நான் ஒரு காலம் ஆசைப்பட்டு நாலு கிராம் குறைத்தேன். ஏற்றத்தில் ஆடு மாதிரி ஏறியது உண்மைதான். ஆனால் அவிசாவளைக்கு வரும் சமநிலத்தில் 55க்கே தையல் மெஷின் மாதிரிக் கத்தியது. வழக்கமாகப் போய்ச் சேருகிற பெற்றோல் பாதி வழியில் முடிந்தது. அந்த ரோலர்கள் இன்னமும் ஒரு ஜாம் போத்தலுக்குள் கிடக்கின்றன.

போர் கிட் வேண்டாம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சிலிண்டரைப் பெரிதாக்கினால் சூடு கூடும். கூலிங் ஃபேன் அதே பழைய ஃபேன், கிராங் பெயாரிங் அதே பெயாரிங், பிரேக்கும் அதே பிரேக். அதற்கு மேல், பதிவுப் புத்தகத்தில் 110 என்று இருக்கும் எஞ்சினை வேறொன்றாக்கிவிட்டு அதைப் பதியாமல் ஓட்டினால், விபத்து என்று வரும் நாளில் இன்சூரன்ஸ்காரன் முதலில் தேடுவது அதைத்தான். ஒக்டேன் 95 அடித்தால் இழுவை கூடுமா என்றும் கேட்பார்கள். கூடாது. இந்த எஞ்சினுக்கு 92 போதும். உங்கள் மாடல் கார்பரேட்டர் வண்டி என்பதால் உயரத்தில் பெற்றோல் கலவை கொஞ்சம் கனத்து, புகைச்சலாக ஓடும். அதற்காக ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். கொழும்புக்கு இறங்கியதும் மறுபடி திருக வேண்டி வரும். எயார் ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். அது ஒயில் பூசிய காகிதம், காற்றடித்துச் சுத்தம் பண்ணுவது வீண் வேலை.

சரி, இனி இறக்கம்.

அட்டனிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது ஆயிரம் மீற்றருக்கு மேல் கீழே வருகிறீர்கள். 240 கிலோ பாரம் ஒவ்வொரு நூறு மீற்றர் தாழும்போதும் வெளிவரும் சக்தி, முக்கால் லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஆயிரம் மீற்றருக்கு ஏழரை லீற்றர், ஒரு பெரிய பானை. இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். ஆனால் செங்குத்தான துண்டுகளில் 30இல் மெதுவாக இறங்கினால் பாதியாவது பிரேக்கின் தலையிலும் எஞ்சினின் தலையிலும்தான் விழும். டியோவில் இருப்பதோ முன்னும் பின்னும் கையகல டிரம் பிரேக். சூடு அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் வைத்திருந்ததும் டிரம் பிரேக் ஸ்கூட்டிதான். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் கொழும்பில் ஒரு கராஜில் பிரேக் ஷூ மாற்றினேன். பெயர் வேண்டாம், விலை மலிவு என்று நானும் தலையாட்டியவன்தானே. போகும்போது ஒரு குறையும் தெரியவில்லை. திரும்பி வரும்போது கினிகத்தேனைக்குக் கீழே வளைவுகளில் லீவரை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன். நாலைந்து வளைவு தாண்டியதும் லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனது. அடுத்த வளைவில் இன்னும் உள்ளே. பிறகு ஹேண்டிலைத் தொட்டே விட்டது. வண்டியோ வேகம் குறைந்த பாடில்லை. மனைவி பின்னாலிருந்து, "என்னங்க, ரப்பர் எரியிற மணம் வருது" என்றாள். நல்ல காலம், அந்த இடத்தில் தேநீர்க்கடை ஒன்றின் முன்னால் மேடாக ஒரு மண் வெளி இருந்தது. அதற்குள் ஏற்றி, இரண்டு காலையும் தேய்த்து நிறுத்தினேன். பின் சக்கரத்தின் நடுவிலிருந்து நீலப் புகை. கடைக்காரர் வாளியோடு தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், நான்தான் தடுத்தேன். கொதிக்கிற டிரம்மில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் வெடிக்கவோ கோணவோ பார்க்கும். மூன்று பிளேன்டீ குடித்து முடிக்கும் வரை காத்திருந்தோம். ஆறியதும் பிரேக் திரும்பி வந்தது. அன்றைக்கு வீடு வரும் வரைக்கும் மனைவி என் தோளில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

இரண்டு பிழை. ஒன்று மலிவு ஷூ. மற்றது என் கை. ஷூவை நல்லதாகவே வாங்குங்கள், போட்ட பின் ஒரு இருநூறு கிலோமீற்றராவது ஊருக்குள் ஓட்டி டிரம்மோடு படிய விடுங்கள், அப்புறம் மலைக்குப் போங்கள். டிரம்மின் உள்பக்கம் வரிவரியாகக் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளியே பிரேக் ஆமில் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். லீவரை முழுதாகப் பிடிக்கும்போது அந்த அம்பு டிரம் தட்டில் உள்ள அடையாளத்தைத் தொட்டால் ஷூ முடிந்துவிட்டது. கேபிளையும் சேர்த்து மாற்றுங்கள், பெரிய செலவில்லை.

முன்னுக்கு டிஸ்க் போடலாமா என்பார்கள். முறையாகச் செய்தால் நல்ல மாற்றம்தான். ஆனால் முன் ஃபோர்க், ஹப், கலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிற ஒரே செட்டாக வர வேண்டும். உங்கள் மாடலில் இடது லீவரைப் பிடித்தால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது, அதையும் யோசித்துக் கட்ட வேண்டும். வெல்டிங் அடித்து பிரக்கட் செய்து கலிப்பரைத் தொங்கவிடுகிற வேலையைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் நான் கொட்டாஞ்சேனைக்குக் கூடப் போகமாட்டேன். அவ்வளவு செலவழிப்பதானால், டியோவை விற்றுவிட்டு முன் டிஸ்க்கோடு வரும் 125 ஒன்றை எடுங்கள். டிவிஎஸ் என்டோர்க் மாதிரி. 9.4 குதிரை வலு, 12 அங்குல வீல், 220 மில்லிமீற்றர் டிஸ்க். 2020இல் இறக்குமதியை நிறுத்தியபோது பழைய வண்டிகளின் விலை ஆகாயத்துக்குப் போனது. 2025இல் திறந்த பின்னும் புதியது மலிவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் மாதாமாதம் போவது நிச்சயம் என்றால் என் ஓட்டு 125க்குத்தான். டிஸ்க் வண்டி எடுத்தால் பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இறக்கத்தின் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி லீவரைப் பஞ்சாக்கிவிடும்.

இனி கைப்பழக்கம். இதற்குக் காசே தேவையில்லை. பிரேக்கை இலேசாக நெடுநேரம் பிடித்திருப்பதுதான் டிரம்மைக் கொல்லும். நேரான துண்டில் கொஞ்சம் ஓட விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தை இறக்கி, முழுதாக விட்டுவிடுங்கள். இடையில் அது மூச்சு வாங்கட்டும். அடுத்தது, ஸ்கூட்டிக்கு எஞ்சின் பிரேக் இல்லை என்பார்கள். இருக்கிறது, கொஞ்சம்தான். எக்சிலேட்டரை விட்டதும் கிளட்ச் பிடித்திருக்கும் வரை எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். வேகம் மிகக் குறைந்து எஞ்சின் சுற்று விழுந்ததும் கிளட்ச் விட்டுவிடும், வண்டி சட்டென்று சுதந்திரமாக உருளும். காலில் தெரியும் அந்த மாற்றம். அப்போது ஒரு சிறு துளி எக்சிலேட்டர் கொடுத்து விட்டால் கிளட்ச் திரும்பக் கவ்விக்கொள்ளும், எஞ்சின் பிடியும் வந்துவிடும். இறக்கத்தில் ரேஸ் கொடுப்பதா என்று பயமாக இருக்கும். இரண்டு முறை செய்தால் பழகிவிடும்.

இதில் இன்னொன்று. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று, கியூஆர் கோட்டில் கிடைத்த நாலு லீற்றரை வைத்துக்கொண்டு வாரத்தை ஓட்டிய காலத்தில், இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி உருள்கிற பழக்கம் பலருக்கு ஒட்டிக்கொண்டது. மலையில் அதைச் செய்யாதீர்கள். எஞ்சின் நின்றால் கிளட்ச்சும் விட்டுவிடும், மொத்தப் பாரமும் அந்த இரண்டு டிரம்மின் மேல்தான்.

டயர். 90/100-10 உங்கள் அளவு. பின்னுக்கு 100/90-10 போட்டால் சக்கரத்தின் உயரம் மாறாது, அகலம் மட்டும் கூடும், ஆனால் ரிம்முக்கும் கவருக்கும் இடையில் உரசுகிறதா என்று இரண்டு பேரையும் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். எனக்கென்றால் அதே அளவில் நல்ல புது டயரே போதும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இறக்குமதி நின்றிருந்த காலத்துச் சரக்கு இன்னும் சில கடைகளின் பின்னறையில் கிடக்கிறது. பூ குறையாமல் இருக்கும், ரப்பர் மட்டும் கட்டையாகிவிட்டிருக்கும். மழையில் அது சோப்பு. காற்று அளவை வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். இரண்டு பேருக்கு என்று பின் டயருக்குத் தனிக் கணக்கு இருக்கும், அதைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அடியுங்கள்.

பின் ஷொக் உங்கள் மாடலில் கூட்டிக் குறைக்க முடியாதது. ஆறேழு வருடத்தில் எண்ணெய் கசிந்து வெறும் ஸ்பிரிங்காக மிஞ்சியிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் இரண்டு மூன்று தரம் ஊஞ்சலாடுகிறதா? அப்படியானால் மாற்ற வேண்டியதுதான். கேஸ் ஷொக் என்று விற்கிறார்கள். ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டக்கூடியதாக எடுங்கள், ஆனால் ஓட்டைக்கு ஓட்டை நீளம் பழையதோடு ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டைலுக்காக நீளமானதைப் போட்டால் பின்பக்கம் தூக்கி, ஹேண்டில் பதற்றமாகிவிடும், சென்டர் ஸ்டாண்டும் நிலத்தில் ஊன்றாது.

பாரத்தை வைக்கும் இடமும் இதோடு சேர்ந்ததே. ஏற்றத்தில் இரண்டு பேரின் பாரமும் பின்னுக்குச் சரிந்து முன் சக்கரம் இலேசாகிவிடும், வளைவில் ஹேண்டில் மிதக்கிற மாதிரி இருக்கும். பின்னால் பெட்டி பூட்டி அதற்குள் பத்துக் கிலோ அரிசியை வைத்தால் இன்னும் மோசம். கனமான பையைக் கால் வைக்கும் தட்டில் உங்கள் கால்களுக்கு நடுவே வையுங்கள். பெட்டிக்குள் ரெயின்கோட்டும் துவாயும் மட்டும். உங்கள் மனைவிக்கும் இரண்டு வார்த்தை: வளைவில் வண்டி சாயும்போது எதிர்ப்பக்கம் நிமிர வேண்டாம், கணவனின் உள்தோளுக்கு மேலால் பாதையைப் பார்த்தால் உடம்பு தானாகச் சாயும். ஷோலையும் துப்பட்டாவையும் இறுக்கி உள்ளே செருகிவிடுங்கள். தொங்குகிற ரெயின்கோட் போர்வை வேண்டாம், காற்சட்டையும் மேற்சட்டையுமாக வருகிறதை வாங்குங்கள். பின் சக்கரத்தில் துணி சிக்கிய இரண்டு பேரை எனக்கு நேரில் தெரியும்.

லைட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மாடல்களில் எஞ்சின் சுற்றுக் குறையும்போது ஹெட்லைட்டும் மங்கும். இறக்கத்தில் எக்சிலேட்டரை விட்டு வரும்போது, அதுவும் பனிமூட்டத்துக்குள், அது சரியான தொல்லை. பெரிய பல்ப் போட்டால் இன்னும் மங்கும். நல்ல வேலைக்காரரிடம் பற்றரியிலிருந்து ஓடுகிற சிறிய மஞ்சள் லைட் ஒன்று தாழ்வாகப் பூட்டிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, பின்னேரம் நாலு மணிக்கு முன்னால் ஊர் போய்ச் சேருகிற மாதிரி வெள்ளவத்தையில் காலை ஆறுக்கே கிளம்புவது.

கையில் இருப்பது கொஞ்சக் காசு என்கிறீர்கள். முதலில் பிரேக் ஷூவும் கேபிளும், அடுத்து பின் டயர், அப்புறம் பெல்ட்டும் ரோலரும், மிஞ்சினால் ஷொக். எஞ்சின் ஒயிலையும், பலர் மறந்துவிடுகிற பின் கியர் ஒயிலையும் அதே நாளில் மாற்றுங்கள். எல்லாம் முடிந்ததும் நேரே தலவாக்கலைக்குப் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக, வழக்கமான பையோடு, கினிகத்தேனை வரை மட்டும் ஏறி இறங்கிப் பாருங்கள். போவதற்கு முதல்நாள் பாதை திறந்திருக்கிறதா என்று மாமாவிடம் கேளுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதைகளைச் சிதைத்துப்போட்ட பிறகு, பலத்த மழை பெய்தாலே மண் எங்கே சரியும் என்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஏற்றத்தில் 35க்கு மேல் போனால் பெல்ட் வேலை சரி. இறங்கி கித்துல்கலையில் நிறுத்தியதும் பின் டிரம்மில் விரலை வைக்காமல் ஒரு சொட்டுத் தண்ணீரை மட்டும் தெளித்துப் பாருங்கள். சொய்யென்று சத்தம் கேட்டால் இன்னும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறீர்கள் என்று அர்த்தம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள்.